பினாங்குக்கு அப்பா போட்ட ரூட்

அம்மிணிக்கு,

நீ சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிளானைப் பார்த்தேன், மலேசியாவில் பினாங்கு வரை காரில் போய்ச் சாப்பிட்டு வருகிற பிளான். கடைகளெல்லாம் சரிதான், படத்தைப் பார்க்கும்போதே பசிக்கிறது. ஆனால் முதல் நாளே சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரைக்கும் 700 கிலோமீட்டரை ஒரே ஓட்டமாக ஓட்டுவது என்று போட்டிருக்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ரோடு நல்ல ரோடு, இல்லை என்று சொல்லவில்லை. சிங்கப்பூர்ப் பாலம் தாண்டினதும் வருகிற ஜோகூரிலிருந்து தாய்லாந்து எல்லை வரைக்கும் போகிற அந்த நெடுஞ்சாலையில் மணிக்கு 110 வரை போகலாம். சங்ககிரி லாரிக்காரருக்கு 700 எல்லாம் ஒரு தூரமா என்று மாப்பிள்ளை கேட்பார். லாரியில் நாங்கள் சரக்கு இறக்கப் போனோம் சாமி, வழியில் கிடைத்ததைத் தின்றுவிட்டு வண்டியை எடுப்போம். சாப்பிடுவதற்கென்றே போகிறோம் என்றால் கணக்கே வேறு. நன்றாகப் பசித்துச் சாப்பிடுவது ஒரு நாளைக்கு மூன்று வேளை, இழுத்துப் பிடித்தால் நாலு, அவ்வளவுதான். முதலில் அந்த வேளைகளை எழுதிவிட்டு, நடுவில் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்று பார்க்க வேண்டும். நீ தூரத்தை முதலில் போட்டுவிட்டுக் கடைகளை நடுவில் சொருகியிருக்கிறாய்.

ஜூன் பள்ளி விடுமுறையில் வேண்டாம், அப்போது சிங்கப்பூரே அந்த ஜோகூர் பாலத்தில்தான் நிற்கும். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பலாம். காலையில் கூட்டமெல்லாம் ஜோகூரிலிருந்து வேலைக்கு உங்கள் பக்கம் வருகிறது, எதிர்ப்பக்கம் போகிறவனுக்கு அவ்வளவு நெருக்கடி இருக்காது. அதே வெள்ளி பொழுதோட கிளம்பினால் கதை முடிந்தது.

முதல் நாள் மலாக்கா போதும், 240 கிலோமீட்டர்தான். கோழிச் சோற்றை உருண்டை பிடித்துத் தருவார்களே, அதை மதியத்துக்கு வைத்துக்கொள். வெயில் ஏறினதும் செண்டோல், தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட இனிப்பு. அதில் ஊற்றுகிற மலாக்கா சர்க்கரை தென்னம்பாளையிலிருந்து இறக்கிக் காய்ச்சுவது, நம் பொள்ளாச்சிப் பக்கம் இத்தனை தோப்பு இருந்தும் தேங்காயோடு நின்றுவிட்டோமே என்று எனக்கு ஒரு ஆதங்கம், அதனால் காய்ச்சுகிற இடம் எங்காவது பார்க்கக் கிடைத்தால் கூட்டிக்கொண்டு போ. ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் போடுகிறார்கள், வெள்ளிக்கிழமை கிளம்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அம்மா. சனிக்கிழமை அவள் கறி தொடமாட்டாள் என்று உனக்குத் தெரியும், உன் லிஸ்ட்டில் சனிக்கிழமைதான் கோழியும் இறாலும் வரிசையாக இருக்கிறது. அந்த நாளைப் பத்துமலை முருகன் கோயிலுக்கு விட்டுவிடு. மலாக்காவிலிருந்து சீக்கிரம் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் 272 படியும் ஏறி இறங்கிவிடலாம், சென்னிமலை ஏறுகிறவளுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. அங்கேயே வாழை இலையில் சைவச் சாப்பாடு, அப்புறம் 200 கிலோமீட்டர் ஓட்டினால் ஈப்போ. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்: அந்த ஊரில் கீரை வதக்கினாலும் பெலாச்சான் போடுவார்கள், அது இறாலை உப்புப் போட்டு அரைத்துப் புளிக்க வைத்தது. கீரைதானே என்று இலையில் வைத்துவிடாதே, கேட்டுவிட்டு வை. ரெண்டாங், அதாவது தேங்காய்ப்பாலில் சுண்ட வைத்த கறி என்றால் மாட்டுக்கறியா கோழியா என்று அதையும் கேள்.

ஞாயிறு காலை ஈப்போவில் வெள்ளைக் காப்பி. கொட்டையை மார்ஜரின் சேர்த்து வறுக்கிறார்களாம், நம் கும்பகோணம் டிகிரி காப்பிக்காரர் கேட்டால் சண்டைக்கு வருவார். அவித்த கோழியும் முளைப்பயறும் அங்கே பேர்போனது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலை, அதன் குகைக்குள் கோயில்கள். ஒரு குகை போதும், எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். பினாங்கு அங்கிருந்து ரெண்டு மணி நேரம்.

பினாங்கில் ரெண்டு இரவு தங்கவேண்டும், நீ ஒன்றுதான் போட்டிருக்கிறாய். நாசி கண்டார் ஒன்றுக்கே ஒரு வேளையை முழுசாகக் கொடுக்க வேண்டும். நம் தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் காவடி மாதிரி தோளில் சோறு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம் தூக்கிப் போய் துறைமுகத்து ஆட்களுக்கு விற்றது அது. மீன் குழம்பு, கோழிக் குழம்பு எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள், அதுதான் ருசியே, தனித்தனியாக வை என்று நீ அங்கே நியாயம் பேசாதே. அசாம் லக்சா புளி போட்ட மீன் சாறு, எனக்கு அது கட்டாயம் வேண்டும். தள்ளுவண்டிக் கடைகளில் பல வாரத்தில் ஒரு நாள் லீவு, சரக்கு தீர்ந்தாலும் மூடிவிடுவார்கள், அதனால் ஒவ்வொரு வேளைக்கும் பக்கத்திலேயே இன்னொரு கடையைப் பார்த்து வை. ஜூலையில் டுரியான் இருக்கும், கடையிலேயே தின்றுவிட வேண்டும், தங்குகிற ஓட்டலில் உள்ளே விடமாட்டார்கள், காரில் வைத்தால் ஊர் வந்து சேரும்வரை நாற்றம் போகாது.

திரும்பும்போது மாப்பிள்ளை ஆசைப்படி ஒரே மூச்சில் ஓட்டட்டும். அன்றைக்கு யாருக்கும் பசிக்கப் போவதில்லை.

லாரி நிற்கிற கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று எவனோ சொன்னதை நீயும் எழுதியிருக்கிறாய். வண்டி நிறுத்த இடமும் குளிக்கத் தண்ணீரும் இருந்தால் லாரி நிற்கும், ருசி அதற்கப்புறம்தான். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பழம் வாங்கு, கை கால் கழுவு, பையனைச் சித்தெ ஓடவிடு. சாப்பாட்டுக்கு ஊருக்குள்ளே போய்விடு.

வண்டி விஷயம் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது டேங்க் முக்கால் அளவாவது இருக்க வேண்டும். அங்கே போய் மஞ்சள் பைப்பில் வருகிற 95 பெட்ரோலைப் போடக்கூடாது, அது அந்த ஊர்க்காரர்களுக்கான மானிய விலை, வெளிநாட்டு வண்டிக்கு 97தான். 2025 ஜூலையிலிருந்து சிங்கப்பூர் வண்டிக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியும் கட்டாயமாகிவிட்டது. டோலுக்கு டச் அண்ட் கோ கார்டில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்.

எனக்கு வெசனமெல்லாம் விசாவில்தான். மலேசியாவுக்கு இந்தியர்கள் இப்போது விசா இல்லாமலே 30 நாள் போகலாம், அதற்கு வருகை அட்டையை மட்டும் போவதற்கு மூன்று நாளைக்குள் ஆன்லைனில் நிரப்பினால் போதும். ஆனால் நீ எங்களுக்கு எடுக்கிற சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரிதானா என்று வந்தவுடன் பார். ஒரு தடவைக்கு மட்டும் என்று இருந்தால் நாங்கள் ரெண்டு பேரும் ஜோகூரில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

தேதி முடிவானதும் சொல்லு, கோயமுத்தூரிலிருந்து டிக்கெட் போட வேண்டும். கடை லிஸ்ட்டில் பாதியை அடித்துவிட்டு மறுபடி அனுப்பு. அந்தத் தோசைக்கடை ரெண்டையும் முதலில் அடி.

அப்பா