டாமி ஜானின் கையை வலுவாக்கியது கத்தி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பேஸ்பாலில் பிட்சராக, அதாவது பந்து எறிபவராக, ஆடிய டாமி ஜானைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் கை முன்னைவிட வலுவானது என்று வந்த வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். அமெரிக்காவில் பதின்வயதுப் பையன்களும் பெற்றோரும் நம்பி ஏமாறுகிற கருத்து அது.

1974 ஜூலை 17-இல், மாண்ட்ரியல் அணிக்கு எதிரான ஆட்டத்தில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் இடக்கைப் பிட்சரான அவருடைய முழங்கையின் உட்புற லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் பட்டை) அறுந்தது. செப்டம்பர் 25-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவரது வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கையின் மேலெலும்பிலும் கீழெலும்பிலும் துளையிட்டு, 8 வடிவில் கோத்துத் தைத்தார். (கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் புடைத்து நிற்குமே, அந்த நாண். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அவர்களுக்குத் தொடையிலிருந்து எடுப்பதுண்டு.) நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிப்போனதால் டிசம்பரில் இன்னொரு அறுவை. 1975 முழுக்க ஆடவில்லை. 1976-இல் அவர் பெயரில் 10 வெற்றி, 10 தோல்வி.

1977, 1979, 1980 பருவங்களில் 20, 21, 22 வெற்றிகள். மொத்தம் 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பிந்தியவை. இந்த எண்கள்தான் பலரை மயக்குகின்றன. அவர் வேகத்தை நம்பியவரே அல்ல. கீழே இறங்கும் சிங்கர் பந்தை வீசி, அடிப்பவர் பந்தைத் தரையோடு உருட்டும்படி செய்தவர்.

எறியும் கை பின்னால் முழுதாக வளையும் கணத்தில் லிகமென்டின் மேல் இழுப்பு உச்சத்தை எட்டும். முன்கைத் தசைகள் அதில் ஒரு பங்கைத் தாங்கும். அவை களைத்துவிட்டால் பாரமெல்லாம் லிகமென்டுக்கே. ஒட்டிய நாண் லிகமென்டாக மாறப் பல மாதங்கள் ஆகும். நான்கைந்து மாதங்களுக்குப் பின்தான் 45 அடி தூரத்துக்கு மெல்ல எறியத் தொடங்குவார்கள். ஆட்டத்துக்குத் திரும்ப 12 முதல் 18 மாதம். திரும்பியதும் சிலருக்கு வேகம் கூடுகிறதென்றால், அந்தக் காலத்தில் தோளுக்கும் இடுப்புக்கும் காலுக்கும் கொடுத்த பயிற்சியே காரணம். ஒட்டிய நாணும் அறுந்து இரண்டாம் முறை அறுவைக்குப் படுத்தவர்கள் பலர்.

இளம் பிட்சர்களின் கையைக் காக்க, அமெரிக்கத் தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பாலும் அந்நாட்டின் பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் வகுத்த அளவின்படி, ஒரே நாளில் 9–10 வயதில் 75 பந்து, 11–12 வயதில் 85, 15–16 வயதில் 95-க்கு மேல் கூடாது. 15–16 வயதுப் பையன் 76 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் 4 நாள் ஓய்வு. பள்ளி அணியும் கிளப் அணியும் தனித்தனியே எண்ணுவதால்தான் இது கெடுகிறது. இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆளில்லை. வார்ம்-அப்பில் எறிவதும் கணக்கில் வருவதில்லை. திருத்தத்தோடு இந்த அளவுகளையும் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி