எந்த ஹார்ட்டெயில் வாங்குவது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

மண்பாதையில் 40, 50 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளக் கூடாது. இறக்கத்தில் கல் கிடந்தாலும் தாவிக் குதிக்கிற எண்ணம் இல்லை. இப்படி ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்த மடல். கிராஸ் கன்ட்ரி என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தது இந்த ஓட்டத்தைத்தான்.

பின்பக்கம் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கி) இல்லாத ஹார்ட்டெயில் சைக்கிள் இன்று இரண்டு ரகமாகப் பிரிந்துவிட்டது. ஒன்று கிராஸ் கன்ட்ரி ரகம்: ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) 100 முதல் 120 மி.மீ. அமுங்கும், ஹெட் ஆங்கிள் (ஹேண்டில் தண்டு தரையோடு வைக்கும் கோணம்) 67 முதல் 69 டிகிரி. இன்னொன்று கரடான இறக்கத்துக்கான டிரெயில் ரகம்: ஃபோர்க் 130 முதல் 150 மி.மீ., ஹெட் ஆங்கிள் 64 முதல் 66 டிகிரி. பல சமயம் இரண்டும் ஒரே விலையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், இரண்டாவதுதான் கண்ணைப் பறிக்கும். நீங்கள் எடுக்க வேண்டியது முதலாவது.

காரணம் இதுதான். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும். இதை சாக் என்கிறோம். ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டுமே அமுங்குவதால் வண்டி முழுவதும் முன்னோக்கிச் சாயும். 20 மி.மீ. அமுங்கினால் ஏறக்குறைய 1 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 மி.மீ. ஃபோர்க்கில் 20 சதவீதம் சாக் விட்டால் 24 மி.மீ.; கம்பெனியின் அளவு அட்டவணையில் 67 என்று போட்டிருக்கும் ஹெட் ஆங்கிள் ஓடும்போது 68-ஐத் தாண்டிவிடும். இது நல்லதுதான், ஏற்றத்தில் ஹேண்டில் சொன்னபடி கேட்கும். ஆனால் சீட் ஆங்கிளும் (சீட் தண்டின் கோணம்) அதே அளவு செங்குத்தாகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டிரெயில் ரகத்தில் 76 டிகிரி போட்டு, 140 மி.மீ. ஃபோர்க்கில் 25 சதவீதம் சாக் விட்டால் 77.5-க்கு மேல் போய்விடும். செங்குத்தான ஏற்றத்துக்கு அது சரி. சமதளத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கி விரல் மரத்துப்போகும். நாள் முழுக்க உட்கார்ந்து மிதிக்க அட்டவணையில் 74, 75 டிகிரி இருந்தால் போதும்.

அடுத்தது நீளம். புதிய வண்டிகளில் ரீச் கூடிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரீச் என்பது நின்று ஓட்டும்போது தெரிகிற நீளம். உட்கார்ந்து ஓட்டும்போது தெரிவது எஃபெக்டிவ் டாப் டியூப், அதாவது சீட் தண்டிலிருந்து ஃபிரேமின் முன்முனை வரை உள்ள கிடைமட்ட நீளம். ஸ்டாக் (பெடல் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்முனை உச்சி வரை உள்ள உயரம்) 610 மி.மீ. உள்ள இரண்டு ஃபிரேம்களை எடுத்துக்கொள்வோம். பழையதில் ரீச் 410, சீட் ஆங்கிள் 73. டாப் டியூப் 596 வரும். புதியதில் ரீச் 445, சீட் ஆங்கிள் 75.5, டாப் டியூப் 603. ரீச் 35 மி.மீ. கூடியும் உட்காரும் நீளம் 7 மி.மீ.தான் கூடியிருக்கிறது. பழையதில் இருந்த 90 மி.மீ. ஸ்டெம்முக்கு (ஹேண்டிலைப் பிடித்திருக்கும் துண்டு) பதில் புதியதில் 60 வரும். கூட்டிக் கழித்தால் ஹேண்டில் சுமார் 2 செ.மீ. உங்களை நெருங்கி வந்திருக்கும். பழைய வண்டியிலிருந்து மாறுகிறவர்கள் "ஒரு சைஸ் பெரிதாக எடுக்கட்டுமா?" என்று கேட்பது இதனால்தான். வேண்டாம். சீட் மூக்கிலிருந்து ஹேண்டில் வரை அளந்து, 70 அல்லது 80 மி.மீ. ஸ்டெம் போட்டால் தீர்ந்தது. 760 மி.மீ. ஹேண்டில்பார் தோள் குறுகியவர்களுக்கு அகலம். பக்கத்துக்கு 10 மி.மீ. வெட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

பட்ஜெட் இடித்தால் எதில் விட்டுக்கொடுப்பது? கார்பன் ஃபிரேமை விட்டுவிடுங்கள். காற்றழுத்தத்தை எடைக்கேற்ப மாற்றக்கூடிய ஏர் ஃபோர்க்கை மட்டும் விடாதீர்கள். விலை குறைந்த காயில் ஃபோர்க்கில் ஸ்பிரிங் ஒரே கடினம்தான். 60 கிலோ ஆள் உட்கார்ந்தால் 100 மி.மீ.யில் பாதிகூட அமுங்காது, ஆனால் எடை மட்டும் இரண்டரை கிலோ. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால் ஃபிரேமில் டேப்பர்டு ஹெட் டியூப் (மேலே குறுகிக் கீழே அகன்ற முன்குழாய்) இருக்க வேண்டும். மேலும் கீழும் ஒரே அகலமாக இருந்தால் இன்று விற்கும் ஏர் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை அதில் நேரடியாக ஏறாது. பின்சக்கர ஹப் (நடுக்குடம்) 148 மி.மீ. அகலமும் 12 மி.மீ. த்ரூ ஆக்ஸிலும் (குடத்தின் ஊடே செல்லும் அச்சு) உள்ளதா என்றும் பாருங்கள்.

கியர்: முன்னால் ஒரே ஸ்ப்ராக்கெட், பின்னால் 10 முதல் 51 பல்வரை 12 கியர். முன்னால் 32 பல் இருந்தால், 29 அங்குலச் சக்கரத்தில் 51 பல் கியரில் ஒரு சுற்று மிதித்தால் சுமார் 1.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 6 கி.மீ. மலையடிவாரத்துக்காரர்கள் 30 பல் கேட்டு வாங்கலாம், செலவு கொஞ்சம்தான். ஷிமானோ கம்பெனியின் 10-51 கேசட்டுக்கு (பின் பல்சக்கரத் தொகுப்பு) மைக்ரோ ஸ்ப்ளைன் என்ற தனி வகை ஹப் வேண்டும், பழைய ஹப்பில் ஏறாது. அதே கம்பெனியின் 11 கியர் டியோரே வரிசையில் வரும் 11-51 பழைய ஹப்பிலேயே ஏறும், உதிரியும் மலிவு. பந்தயம் ஓடாதவர்களுக்கு எங்கள் சிபாரிசு அதுதான்.

டயர் முன்னால் 2.35, பின்னால் 2.25, ட்யூப்லெஸ். நம் ஊர்ப் பாதையில் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் கிடக்க, ட்யூப் போட்டு ஓட்டுவது வம்பு. டயருக்கு 80 முதல் 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்). வெயில் காலத்தில் இரண்டு மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும், ஆட்டிப் பார்த்தால் சத்தம் கேட்காது, 60 மி.லி. சேர்க்க வேண்டும். 70 கிலோ எடைக்கு முன்னால் 19, பின்னால் 22 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, பின் ரிம் கல்லில் இடித்தால் 2 கூட்டுங்கள். முள்ளே இல்லாமல் ஒரே இரவில் காற்று இறங்கினால் ரிம் டேப்பைப் பாருங்கள். டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதலாக இல்லையென்றால் ஓரம் கிளம்பி, ஸ்போக் துளை வழியாகக் கசியும். மழை பெய்த மறுநாள் கரிசலில் மட்டும் எந்த டயரும் உதவாது. வண்டியைத் தோளில் தூக்க வேண்டியதுதான்.

பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க்காக இருக்கட்டும். முன்னால் 180, பின்னால் 160 மி.மீ. ஃபோர்க்கின் கீழ்க் கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் மாற்ற வேண்டும். செம்மண் புழுதியில் ஓட்டினால் அதற்கு முன்பே.

வண்டி பார்க்க வரும்போது, ஓட்டும்போது போடும் ஷூவையும் முதுகுப் பையையும் கொண்டுவாருங்கள். சாக் அளக்க அந்த எடையும் சேர வேண்டும். பழைய வண்டி இருந்தால் அதையும் தள்ளிக்கொண்டு வாருங்கள். சீட் உயரமும் ஹேண்டில் தூரமும் அதிலிருந்தே அளந்துகொள்வோம்.

அன்புடன்,
கடையினர்