ஆறு மாதம் பிந்திய பதில்

லண்டன்
8 பெப்ரவரி 2026

அன்பின் மச்சான்,

நாங்கள் சுகம். நீயும் மனுசியும் பிள்ளைகளும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் எப்படி? எண்ணெய் பூசுகிறாயா, இல்லை போத்தலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாயா? சரி, விசாரிப்பு முடிந்தது.

போன ஓகஸ்ற் மாதம் நீ அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. ஒரு நிமிடம் பதினொரு வினாடி. முதல் அரை நிமிடம் உன் நாய் குரைக்கிறது. பிறகு நீ கேட்கிறாய்: "மச்சான், மகள் ஒரு ஏ ஸ்டாரும் ரெண்டு ஏயும் எடுத்திட்டாளாம், மனுசி பேஸ்புக்கிலை பார்த்தவ. எந்த மருத்துவபீடம்?"

அதற்கு நான் ஒரு பெருவிரலை அனுப்பினேன். ஆறு மாதமாய் அந்தப் பெருவிரல்தான் என் பதில்.

எந்த மருத்துவபீடமும் இல்லையடா. நாலு இடத்துக்குப் போட்டோம். நாலும் 2025 மார்ச் மாதத்துக்குள்ளேயே இல்லை என்று சொல்லிவிட்டன. அவள் ஏ.எல். என்கிற உயர்தரச் சோதனை எழுதுவதற்கு முன்னமே. அதற்குப் பிறகும் பிள்ளை இருந்து படித்து அந்தப் பெறுபேற்றை எடுத்தாள். அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் மனுசி படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டாள்.

கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் "ஒரு வருசம் அனுபவம் தேடுறாள்" என்று சொன்னேன். இங்கே அதற்குக் 'கப் இயர்' என்று மரியாதையான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். உனக்கு மட்டும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மருத்துவபீடம் மூன்று புள்ளியால் தவறி, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போனவன் நீ. உன்னிடம் போய் என்னத்தைப் புளுகுகிறது?

நீ இரசாயன மாஸ்டர். உனக்குக் கணக்கு நேரானது. ஊரில் ஏ.எல். பெறுபேற்றில் கணக்கிடுகிற இசட் புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு வெட்டுப்புள்ளி, அவ்வளவுதான். பிள்ளையின் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. கொடுமைதான், ஆனால் நேரான கொடுமை. இங்கே கடைசியில் முகத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த முகத்தைக் கொண்டுபோய்க் காட்டுவதற்கு முன் எத்தனை வேலி பாய வேண்டும் தெரியுமா?

எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் 'யூக்காஸ்' என்கிற அமைப்பு வழியாக ஒரே விண்ணப்பம். மற்றப் படிப்புகளுக்கு ஜனவரி வரைக்கும் நேரம். மருத்துவத்துக்கு ஒக்ரோபர் 15, பின்னேரம் ஆறு மணியோடு கதவு பூட்டு. ஐந்து இடம் போடலாம், ஆனால் மருத்துவம் நாலுக்கு மேல் போட ஏலாது. ஏ.எல். எழுத முதலே விண்ணப்பம் என்பதால், பிள்ளை என்ன எடுக்கும் என்று பள்ளிக்கூடம் ஊகித்துச் சொல்ல வேண்டும். வருசத்துக்கு 20,000 பேருக்கு மேல் போடுகிறார்கள். அநேகமாக எல்லாருக்கும் மூன்று ஏ வரும் என்றுதான் ஊகம். அப்போது ஏயை வைத்து யாரைக் கழிப்பது? அதற்குத்தான் யூகற் என்று ஒரு சோதனை.

அந்தச் சோதனையை நீ பார்க்க வேண்டும். பாடம் ஒன்றும் இல்லை. உன் இரசாயனம் ஒரு சதத்துக்கு உதவாது. வாசித்து விளங்குகிற பகுதியில் 22 நிமிடத்தில் 44 கேள்வி. கேள்விக்கு அரை நிமிடம். அதுக்குள் பந்தியை வாசித்து, விளங்கி, பதில் போட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான், அந்த வருசம் திரும்ப எழுத விடமாட்டார்கள். கடைசிப் பகுதி நடத்தை பற்றியது. கூட வேலை செய்கிற டொக்டரில் சாராய மணம் அடிக்கிறது, நீ என்ன செய்வாய் என்கிற மாதிரி. நான் சொன்னேன், சத்தம் போடாமல் வீட்டுக்குக் கூட்டிப்போய் தேசிக்காய்த் தண்ணி குடுக்க வேண்டும் என்று. மகள் சிரிக்கவில்லை. "அப்பா, நீங்கள் நாலாவது பாண்ட்" என்றாள். அதற்குக் கீழே தரம் இல்லை. நாலாவது வந்தால் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்காத பீடங்களும் இருக்கின்றன.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். 2024-இல் முழுப் பொறுப்பையும் நான்தான் எடுத்தேன். எங்கடை ஆட்களுக்குப் பிள்ளையின் படிப்பு என்றால் ஒரு வேகம் வரும், உனக்குத் தெரியும். முதல் வேலையாக ஒரு சோதனைக்குப் புத்தகம் வாங்கினேன். மினக்கெட்டு மூன்று புத்தகம். அது பீமற் என்ற வேறு சோதனை, 2023-ஓடு நிறுத்திவிட்டார்கள். புத்தகம் இப்போது மேசைக்காலுக்குக் கீழே அண்டை கொடுத்து நிற்கிறது.

இரண்டாவது, பீடங்களைத் தெரிவுசெய்த விதம். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். பேர் என்ன, ஊரில் சொன்னால் விளங்குமா, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், ஞாயிற்றுக்கிழமை சோறு கொண்டுபோய்க் கொடுக்கலாமா. பார்க்காமல் விட்டது சாதகத்தை மட்டும்தான். ஒவ்வொரு பீடமும் ஒவ்வொரு மாதிரி அளக்கிறது, மச்சான். ஒன்று யூகற் புள்ளியை வரிசைப்படுத்தி மேலிருந்து வெட்டுகிறது. இன்னொன்று பதினாறு வயதில் எழுதிய ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேற்றுக்கு, எங்கடை ஓ.எல். மாதிரி, கூடப் பாரம் வைக்கிறது. இதெல்லாம் அவர்களே தங்கள் இணையத்தளத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஒளிக்கவில்லை. நான் வாசிக்கவில்லை. பிள்ளைக்கு அந்த வருசம் 3,600-க்கு 2,510, நடுத்தரம். நான் தெரிவுசெய்த நாலில் மூன்று யூகற்றை வைத்தே வெட்டுகிற இடம். அவளுடைய ஜி.சி.எஸ்.ஈ. நல்ல திறம். அதைப் பார்க்கிற ஒரு இடத்துக்கும் நான் போடவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு இன்னும் சுடுகிறது. ஏன் டொக்டராக விரும்புகிறேன் என்று பிள்ளை தன் கையால் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இடைவெளியையும் சேர்த்து 4,000 எழுத்து. கோயிலில் ஒரு அங்கிள் தன் மகன் எழுதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பேரை மாத்திப் போடு தம்பி" என்றார். யூக்காஸ் அதையெல்லாம் மென்பொருளால் ஒப்பிட்டுப் பிடிக்கிறது, நல்லகாலம் அது எனக்குத் தெரிந்திருந்தது. பெரிய நேர்மைக்காரன் மாதிரி அங்கிளுக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இரவிரவாய் இருந்து நானே ஒன்று எழுதினேன். மகள் இங்கிலீஷைத் திருத்தினாள். அதிலே எங்கடை யுத்தகாலப் பொருளாதாரத் தடை இருந்தது. ஜாம் போத்தல் விளக்கு இருந்தது. மருந்தில்லாத ஆஸ்பத்திரி இருந்தது. வாசிக்கிறவன் கண் கலங்குவான், எனக்கே கலங்கியது. மகள் வாசித்துவிட்டு, "அப்பா, இதிலை நான் எங்கை?" என்று கேட்டாள். நான், "உன்ரை வேர் இது" என்று ஏதோ வசனம் பேசினேன். அவள் பேசாமல் அனுப்பிவிட்டாள். அவள் பிறந்தது லண்டனில். ஜாம் போத்தலில் ஜாம்தான் கண்டிருக்கிறாள்.

நாலு மறுப்பும் வந்த பிறகு வீட்டில் ஒரு மாதம் சண்டை. ஐந்தாவதாகப் போட்ட பயோமெடிக்கல் சயன்ஸுக்கு இடம் கிடைத்திருந்தது. அதை எடு, மூன்று வருசம் படி, பிறகு பட்டதாரியாய் மருத்துவத்துக்குப் போடலாம் என்று நான் நின்றேன். அவள் மாட்டேன் என்றாள். "இந்த முறை நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. கார் மட்டும் ஓடுங்கோ." அப்படியே சொன்னாள். ஒரு கிழமை நான் அவளோடு கதைக்கவில்லை. பிறகு கார் ஓடினேன்.

செப்ரெம்பரில் இருந்து முதியோர் இல்லம் ஒன்றில் வேலை, கிழமைக்கு மூன்று நாள். காலை ஆறரைக்குக் கொண்டுபோய் இறக்குவேன். டொக்டருக்குப் பின்னால் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சுற்றுவதுதான் பெரிய அனுபவம் என்று நான் நினைத்திருந்தேன். தேர்வாளர்கள் பார்ப்பது எங்கே நின்றாய் என்பதை இல்லையாம், நின்ற இடத்தில் என்னத்தைக் கண்டாய் என்பதைத்தானாம். முதல் மாதம் அவள் வந்து சொன்னதெல்லாம் தேத்தண்ணி பற்றித்தான். பக்கவாதம் வந்து விழுங்குவது பிழைத்துப் போனவர்களுக்குத் தேத்தண்ணிக்குள் ஒரு தூளைப் போட்டு, கூழ் மாதிரித் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டுமாம். தண்ணியாய்க் கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். ஒரு கிழவர், பஸ் ஓடினவராம், கோப்பையை ஒவ்வொரு நாளும் தள்ளிவிடுவார். "இது தேத்தண்ணி இல்லை" என்று மட்டும் சொல்வாராம்.

இதற்கிடையில் எல்லாம் மாறிவிட்டது. 2025-இல் யூகற்றில் உருவங்களைப் பார்த்து விதி பிடிக்கிற பகுதியைத் தூக்கிவிட்டார்கள், மொத்தம் 2,700 ஆகிவிட்டது. கட்டுரையும் மூன்று கேள்வியாகப் பிரிந்துவிட்டது: ஏன் இந்தப் படிப்பு, படித்தது எப்படி ஆயத்தப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். மகளுக்கு இந்த முறை 2,170. அந்தப் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பீடம் தேடினாள், நான் செய்த மாதிரித் தலைகீழாக இல்லை. பெரிய அட்டவணை ஒன்று போட்டு, ஒவ்வொரு பீடமும் எதைப் பார்க்கிறது, ஏற்கெனவே ஒரு முறை போட்டவர்களை எடுக்குமா என்று நிரப்பினாள். தெரிவுசெய்ததில் இரண்டு, நான் பேரே கேள்விப்படாத இடம். மூன்றாவது கேள்விக்கு அந்தக் கூழ்த் தேத்தண்ணியை எழுதினாள். அனுப்பிய பிறகுதான் எனக்குக் காட்டினாள்.

நாலில் ஒன்று நத்தாருக்கு முன் மறுத்துவிட்டது. ஒன்று சத்தமில்லை. இரண்டு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கின்றன! ஒன்று ஜனவரியில் முடிந்தது. மற்றது வருகிற வியாழக்கிழமை.

நேர்முகம் என்றால் கோட்டுப் போட்ட மூன்று பேருக்கு முன்னால் கதிரையில் இருப்பது இல்லை. ஆறு, எட்டு நிலையம். ஒவ்வொன்றிலும் சில நிமிடம், மணி அடித்தால் அடுத்ததுக்குப் போக வேண்டும். ஒன்றில் ஒழுக்கக் கேள்வி, ஒன்றில் நோயாளியாய் நடிக்கிற ஒருவரோடு கதை. இந்த முறையைத் தொடங்கினது கனடாவில், ஹமில்டன் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில். எங்கடை கட்டையன் இருக்கிற அதே ஹமில்டன். அவனுக்குச் சொன்னேன், "இங்கை கடையள் நல்லது" என்றான்.

வீட்டில் ஒவ்வொரு இரவும் ஒத்திகை. குசினி ஒரு நிலையம், ஹோல் ஒரு நிலையம், மாடிப்படி ஒன்று. மனுசி சாமியறை மணியை எடுத்துவந்து அடிப்பாள். போன செவ்வாய் குசினியில் நான் அந்தப் பஸ்காரக் கிழவர். "எனக்கு இந்தக் கூழ் வேண்டாம், சும்மா தேத்தண்ணி தா" என்று முறைத்தேன். அவள் புத்தி சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். "முந்தி எப்பிடிக் குடிப்பீங்கள்? எத்தனை சீனி?" என்று கேட்டாள். பிறகுதான் ஆபத்தைச் சொன்னாள், வடிவாய், பயப்படுத்தாமல். விளங்கித்தான் வேண்டாம் என்கிறாரா என்று பார்த்தாள். "முடிவு உங்கடை. ஆனால் நான் தனியத் தீர்மானிக்க ஏலாது, நேர்ஸோடையும் விழுங்கிறதைப் பார்க்கிற தெரபிஸ்ற்றோடையும் கதைச்சிட்டு வாறன். நீங்கள் கேட்டதை அப்பிடியே சொல்லுறன்" என்றாள்.

எனக்கு அடுத்த வசனம் வரவில்லை. மணி அடித்த பிறகும் எழும்பவில்லை.

2014-இல் அப்பாவோடு வந்து நின்றேனே, அந்தக் கடைசி மூன்று கிழமை. காலமை எழும்பினால் சீனி போட்டுத் தேத்தண்ணி கேட்பார். நான் லண்டனில் இருந்து போன பெரிய அறிவாளி, இரத்தத்தில் சீனி அளக்கிற மெசினைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டேன் என்று நின்றேன். எத்தனை சீனி என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பின்னேரங்களில் நான் பார்மசிக்குப் போகிற நேரம் பார்த்து, நீ பின்வளவால் வந்து அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தது எனக்குத் தெரியாது என்று பன்னிரண்டு வருசமாய் நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோப்பையின் அடியில் சீனி கரையாமல் கிடந்தது. நான்தான் கழுவினேன்.

அதை விடு. இப்போது ஒரு உதவி வேணும். என்னை நோயாளியாய் இனிச் சேர்க்கமாட்டாளாம், நான் அழுதுவிடுவேனாம். கோபக்கார ஆள் ஒருவர் தேவை. தாயை நாலு மணித்தியாலம் காக்கவைத்துவிட்டார்கள் என்று கத்துகிற மகன். உன் ரியூட்டரியில் கடைசி வாங்குப் பெடியளுக்குக் கத்துகிற அதே குரல் போதும். புதன்கிழமை உங்கள் நேரம் பின்னேரம் ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் எடுப்பாள். தமிழில் கத்தினாலும் பரவாயில்லை, விளங்குவாள். நாயைக் கொஞ்சம் கட்டிவை.

ஆர் கேட்டாலும் இரண்டாம் தரம் போட்டிருக்கிறாள் என்றே சொல். இனி ஒளிக்கவில்லை.

அப்புறம், அப்பாவுக்கு எத்தனை கரண்டி போட்டாய் என்று மறக்காமல் எழுது.

உன் பழைய வாங்குக்காரன்