தீட்டும் டெயின்ட்டும்

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்கு முழங்கால் வலியைக் காரணம் சொல்லலாம். உண்மையில் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பால் பண்ணைக்காரர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பக்கத்துக்குப் பக்கம் 'டெயின்ட்' (taint) என்ற ஆங்கிலச் சொல். மாசு, கறை, களங்கம் என்று அகராதி அடுக்குகிறது. ஒன்றும் ஒட்டவில்லை. தானாகப் புளித்தாலோ திரிந்தாலோ பால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். வெளியிலிருந்து ஒரு வாசனை வந்து ஏறிக்கொண்டால்தான் டெயின்ட்.

போன ஞாயிற்றுக்கிழமை பலாச்சுளையைத் திறந்த கிண்ணத்தில் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். பக்கத்தில் பால், மூடி அரைகுறையாக. காலையில் காய்ச்சினால் பால் திரியவில்லை, ஆடைகூடத் தடிமனாகப் படிந்தது. காப்பியை வாயில் வைத்தால் பலாப்பழம்! வீட்டில் அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "பால்ல வாடை ஏறிடுச்சு" என்று அப்படியே கொட்டிவிட்டாள். நான் மூன்று நாளாகத் தேடியது அதுதான். பாலில் உள்ள கொழுப்பு வாடையை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். கறப்பதற்குச் சற்று முன் மாடு வெங்காயத்தாளைத் தின்றாலும் பாலில் தெரியும்.

அதோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷம், சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டப் போனேன். இந்த டெயின்ட்டுக்கு இரண்டு தாய். ஒன்று, சாயம் தோய்ப்பதைக் குறிக்கும் 'டிங்கெரெ' என்ற இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக வந்தது. சின்ன வயதில் முட்டி சிராய்த்தால் அலற அலறத் தடவுவார்களே டிங்க்சர், அதுவும் அந்த வயிற்றுப் பிள்ளைதான். ஒன்று கெடுக்கிறது, ஒன்று புண்ணைச் சுத்தம் செய்கிறது, இரண்டும் அக்கா தங்கை! இன்னொரு தாய், தொடுவதைக் குறிக்கும் 'அட்டிங்கெரெ'. இரண்டும் ஆங்கிலத்துக்கு வந்து ஒரே உருவமாகி ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கெடுதலைச் சொல்லும் வேறு சில சொற்களும் பொருளளவில் இந்த இரண்டு வீட்டுக்காரர்கள்தான்: கன்டாமினேஷன் தொடுவதிலிருந்து வந்தது, இன்ஃபெக்‌ஷன் சாயத்தில் முக்குவதிலிருந்து.

இதைப் படித்ததும் நம் 'தீட்டு' ஞாபகம் வந்தது. தீண்டுவதிலிருந்து வந்த தீட்டு ஒரு பக்கம், ஓவியம் தீட்டுவது இன்னொரு பக்கம். நமக்கும் இலத்தீனுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. இருந்தாலும் தொடுவதும் வண்ணமும் அங்கேயும் இங்கேயும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. தொட்ட வழியில் வந்த கிளையில் 'அட்டெயின்டர்' என்று ஒரு சட்டச் சொல் இருக்கிறது. இங்கிலாந்தில் ராஜதுரோகி என்று தீர்ப்பானால் ஆளுக்கு மட்டுமல்ல, ரத்தத்துக்கே கேடு வந்ததாகக் கணக்கு. சொத்து போகும், பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லை. 1870-இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். சாயச் சொல்லோடு குழம்பியதால், கறை பட்ட ரத்தம் என்றே ஜனங்கள் நினைத்திருக்கிறார்கள்.

பிறப்பிலேயே கறை என்பது நமக்குப் புதிதா என்ன? அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தீட்டு எங்கே ஒழிந்தது? எங்கள் அம்மா மாதத்தில் மூன்று நாள் பின்தாழ்வாரத்தில் தனிச் சொம்பும் பாயுமாக உட்கார்ந்திருந்ததை நீயே பார்த்திருக்கிறாய். ஒருநாள் தெரியாமல் நான் போய் மடியில் படுத்துவிட, பாட்டி என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். அம்மா ஒன்றும் பேசவில்லை, பாயைச் சுருட்டி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கையேட்டில் ஓர் இடத்திலாவது தீட்டு என்று போடலாமா என்று யோசித்தேன். கை வரவில்லை.

'வாடை ஏறுதல்' என்றே எழுதியிருக்கிறேன். உங்கள் ஈரோட்டுப் பக்கம் இதற்கு வேறு சொல் இருக்கிறதா? உன் தம்பி இன்னும் மாடு வைத்திருக்கிறான்தானே, கேட்டு எழுது. அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது.

அன்புடன்,
சங்கரன்