திருமயத்து வக்கீலும் நீயும்

கோட்டையூர்

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு மட்டும் மழைக்காலம் தொடங்கியதும் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. கட்சியில் சேரப் போகிறேன், ஹைகோர்ட் பிராக்டீஸை விட்டுவிடப் போகிறேன், இனி முழுநேரமும் அரசியல்தான் என்றாய். ஆத்தா அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அப்படியொன்றும் அதிர்ச்சி இல்லை. கம்பன் விழாப் பட்டிமண்டபத்தில் நடுவர் தீர்ப்புச் சொன்ன பிறகும் வீடு வந்து சேரும்வரை எதிர்த்து வாதாடிக்கொண்டே வந்த பிள்ளை நீ. என்றைக்காவது இந்தப் பக்கம் போவாய் என்று எனக்குத் தெரியும். எந்தக் கட்சி என்று நான் கேட்கப் போவதில்லை, அது உன் மனசாட்சியைப் பொறுத்தது. ஆனால் தொழிலை விடுகிறேன் என்றாயே, அது மனதில் தைத்துவிட்டது. போனில் இதையெல்லாம் கோர்வையாகச் சொல்ல வராது. அதனால்தான் எழுதுகிறேன். வக்கீலாக இருந்து அரசியலுக்குப் போன நம் பக்கத்துக்காரர் ஒருவரை வைத்தே சொல்கிறேன்.

புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் திருமயம் கோட்டையைப் பார்த்திருக்கிறாய். அந்தக் குன்றின் அடியில் குடைவரைக் கோயிலில் இருக்கிற பெருமாளின் பெயர் சத்தியமூர்த்தி. அதே ஊரில் அதே பெயரோடு 1887-ல் பிறந்தவர்தான் தீரர் சத்தியமூர்த்தி. சென்னையில் காங்கிரஸ் அலுவலகத்துக்கு அவர் பெயர் வைத்திருப்பதால் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தவர்கள் குறைவு. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, அப்புறம் சட்டக் கல்லூரி என்று படித்து வக்கீலானார். 1919-ல் இந்தியச் சீர்திருத்தச் சட்டம் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, காங்கிரஸ் தரப்பை எடுத்துச் சொல்ல லண்டனுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 32-கூட ஆகியிருக்குமோ என்னவோ. அந்த வயதில் அங்கே போய்ப் பேசுவதற்கு வெறும் வாய்ச்சாலகம் போதாது, காகிதம் முழுக்கப் படித்திருக்க வேண்டும்.

காந்தி சட்டசபைகளைப் புறக்கணிக்கச் சொன்ன காலத்தில், உள்ளே போய்ச் சண்டை போட வேண்டும் என்று சொன்ன சுயராஜ்யக் கட்சிப் பக்கம் நின்றார். 1923-ல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். 1928-ல் பாரதியார் பாடல் புத்தகங்களை அரசாங்கம் பறிமுதல் செய்தபோது, சபையில் அந்தப் பாடல்களுக்காகக் கொதித்துப் பேசியவர்களில் முன்னால் நின்றவர் இவர். பிறகு 1934 தேர்தலில் நீதிக்கட்சியின் பெரிய தலையான ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து டில்லி மத்திய சட்டசபைக்குப் போனார். அந்தச் சபையில் காங்கிரஸ் கட்சித் தலைவர் பூலாபாய் தேசாய், பிற்பாடு துணைத் தலைவரானவர் சத்தியமூர்த்தி. இரண்டு பேரும் வக்கீல்கள்.

டில்லியில் அவர் பெயர் வாங்கியது கேள்வி நேரத்தில். நீ இதை நன்றாக யோசித்துப் பார். அரசாங்கத் தரப்பில் ஒருவர் எழுந்து தயாராக எழுதி வைத்த பதிலைப் படிப்பார். முக்கால்வாசி உறுப்பினர்கள் அத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். சத்தியமூர்த்தி அதற்குப் பிறகுதான் எழுந்திருப்பார். அந்தப் பதிலுக்குள்ளிருந்தே துணைக் கேள்வியை எடுப்பார், அதற்கு வரும் பதிலிலிருந்து அடுத்த கேள்வி. இது வேறொன்றுமில்லை, நீ கோர்ட்டில் தினமும் செய்கிற குறுக்கு விசாரணைதான். சாட்சி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டால்தானே அடுத்த கேள்வி பிறக்கும்? இன்றைக்குச் சபைகளில் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். மந்திரி சொன்ன பதிலைக் கவனமாகக் கேட்டு இரண்டாவது கேள்வி கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று நீயே சொல். அந்தப் பழக்கம் உன்னிடம் இருக்கிறது. பத்து வருஷம் கோர்ட்டுப் பக்கம் போகாமல் மேடையிலேயே நின்றால் அது மழுங்கிப் போகும். எனக்கு அந்தப் பயம்தான்.

வ.உ.சி.யை நினைத்துப் பார். 1908-ல் தண்டனை விழுந்ததும் அவருடைய சன்னதை, அதாவது வக்கீல் தொழில் செய்கிற உரிமத்தை, பிடுங்கிக்கொண்டார்கள். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அந்த மனுஷர் பட்ட பாடு தெரியும். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். அவருக்கு அது வலுக்கட்டாயமாகப் பறிபோனது. நீ ஏன் உன் கையாலேயே கழற்றி வைக்க வேண்டும்?

சட்டமன்ற உறுப்பினரோ எம்.பி.யோ ஆனாலும் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உனக்குத் தெரியாததா. மந்திரியானால் வேறு கதை. அது அப்போது பார்த்துக்கொள்ளலாம். கையில் சொந்த வருமானம் இருக்கிறவள் கட்சிக்குள் நிமிர்ந்து பேசலாம். டிக்கெட்டுக்காகவும் வண்டிச் செலவுக்காகவும் ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்க ஆரம்பித்தால், அப்புறம் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதுதான். நம் வீட்டில் ஐயா காலத்திலிருந்து கணக்கு எழுதிப் பிழைத்தவர்கள் நாம். பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எதிலும் காலை வைக்கிற பழக்கம் நமக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சத்தியமூர்த்தியை மட்டும் புகழ்ந்துவிட்டு இதை மறைத்தால் அது நியாயமில்லை. புதுக்கோட்டைச் சீமையிலிருந்து இன்னொருவர் வந்தார், முத்துலட்சுமி ரெட்டி. அதே மகாராஜா கல்லூரியில் முதல் பெண்ணாகச் சேர்ந்து படித்தவர், சத்தியமூர்த்தியைவிட ஒரு வயது மூத்தவர். டாக்டரானார், 1927-ல் சென்னைச் சட்டசபைக்குள் போன முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவரும் ஆனார். கோயிலுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடுகிற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அவர் சட்டம் கொண்டுவர நின்றபோது, எதிர்த்து நின்றவர்களில் நம் சத்தியமூர்த்தியும் ஒருவர். கோயில் மரபு போய்விடும், கலை அழிந்துவிடும் என்பது அவர் வாதம். சங்கீதத்திலும் நாடகத்திலும் உயிரையே வைத்திருந்தவர், அதனால் அதை மனதாரத்தான் சொல்லியிருப்பார். வாதத் திறமையில் அந்தச் சபையில் அவருக்கு ஈடு சொல்ல ஆள் குறைவு. ஆனால் நியாயம் அந்த அம்மா பக்கம் இருந்தது. அவர் கையில் இருந்தது சட்டப் புத்தகம் இல்லை. அந்தப் பெண்களின் வாழ்க்கை என்ன ஆகிறது என்று தெரிந்த ஒரு டாக்டரின் அனுபவம். முழுச் சட்டம் வர 1947 ஆகிவிட்டது. அத்தனை வருஷத்தில் எத்தனை பெண் குழந்தைகள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

கோர்ட்டில் கட்சிக்காரருக்காக எந்தப் பக்கமும் நின்று பேசலாம். அது தொழில் தர்மம், எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வக்கீல் இருப்பார், மேலே நீதிபதி இருப்பார். சபையில் அப்படி இல்லை. அங்கே நீ ஜெயித்தால் ஊரே அதன்படி நடந்தாக வேண்டும். கேஸ் கட்டைப் படிக்கிற பழக்கத்தையும் கேள்வி கேட்கிற பழக்கத்தையும் உன்னோடு எடுத்துக்கொண்டு போ. எடுத்த பக்கத்துக்கு எப்படியாவது வாதம் கண்டுபிடிக்கிற பழக்கத்தைக் கோர்ட்டிலேயே விட்டுவிட்டுப் போ. கட்சி உன்னை எழுப்பி இதற்குப் பேசு என்று சொல்லும்போது, பாதிக்கப்படுகிறவர்களை நேரில் பார்த்தோமா என்று ஒரு நிமிஷம் யோசி.

சரி, சத்தியமூர்த்தி கையால் ஊருக்கு நின்றது என்ன? அதைச் சொல்கிறேன். 1939-ல் சென்னை மேயரானார். நம் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய அதே வருஷம். (சென்னை மாநகராட்சியின் முதல் மேயர் நம் செட்டிநாட்டு முத்தையா செட்டியார்தான், நீதிக்கட்சி. எதிர்க்கட்சி.) அப்போது பட்டணத்தில் தண்ணீர்ப் பஞ்சம், வெளியே உலகப் போர். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டியே ஆக வேண்டும் என்று நின்று, 1940-ல் கவர்னர் ஆர்தர் ஹோப்பை வைத்து அடிக்கல் நாட்ட வைத்தார். வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போகிறவர், தண்ணீர் என்று வந்தபோது வெள்ளைக்கார கவர்னரிடமே காரியத்தை நடத்திக்கொண்டார். 1944-ல் ஏரி வேலை முடிந்தது. இன்றைக்கு அது சத்தியமூர்த்தி சாகர். 1996 முதல் கிருஷ்ணா தண்ணீரும் முதலில் அங்கேதான் வந்து சேர்கிறது. உன் வீட்டுக் குழாயில் வருவதில் அந்தத் தண்ணீரும் கலந்திருக்கும்.

திருமயத்துக்காரருக்குத் தண்ணீர் அருமை தெரியாமல் இருக்குமா? நம் சீமையில் பெரிய ஆறு கிடையாது. நம் வீட்டில் மழை வந்தால் ஆத்தா என்ன செய்வாள் என்று உனக்கு நினைவிருக்கும். முதல் மழையைக் கூரை ஓடுகளைக் கழுவ விட்டுவிடுவாள். அடுத்த மழைக்கு முற்றத்து மூலையில் தூம்புக்குக் கீழே அண்டாவை வைத்து, வாயில் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டுவாள். துணி நனைந்து தொங்கி, அதற்குள் தண்ணீர் தெளிந்து இறங்கும். மீந்தது தெரு வழியாக ஊருணிக்குப் போய்விடும். வீட்டைக் கட்டியவர்கள் வளவுக்குத் தேக்குத் தூண் நிறுத்தும்போதே மழைத் தண்ணீர் போகும் வழியையும் யோசித்துக் கட்டினார்கள்.

அந்த மேயர் பதவிக்கு முன்னால் நடந்ததையும் கேட்டுக்கொள். 1937 தேர்தலில் கே.பி. சுந்தராம்பாளை மேடையேற்றிப் பாட வைத்து, ஊர் ஊராகச் சுற்றிக் காங்கிரஸை ஜெயிக்க வைத்தவர்களில் முக்கியமானவர் இவர். பல்கலைக்கழகத் தொகுதியையும் ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதம மந்திரியானார் (முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்), மந்திரி சபையில் சத்தியமூர்த்திக்கு இடமில்லை. இந்த மாதிரி உனக்கும் நடக்கும். அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து அழுதாலும் சரி, மறுநாள் காலையில் கோட்டையும் கவுனையும் மாட்டிக்கொண்டு போவதற்கு ஒரு இடம் இருக்க வேண்டும்.

மனுஷர் மனக்கசப்போடு உட்கார்ந்துவிடவில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட விருதுநகர் காமராஜை வளர்த்தெடுத்தார். 1936-ல் சத்தியமூர்த்தி மாகாணக் காங்கிரஸ் தலைவர், காமராஜ் செயலாளர். 1940-ல் காமராஜ் தலைவரானபோது சத்தியமூர்த்தி அவருக்குச் செயலாளராக இருந்தார். டில்லியை ஒரு கலக்குக் கலக்கிய வக்கீல், தான் வளர்த்த பிள்ளைக்குக் கீழே வேலை பார்த்தார். இந்தக் குணத்தை நினைக்க நினைக்க எனக்குக் கண் கலங்குகிறது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் பம்பாயிலிருந்து திரும்பி வரும்போது பிடித்து, எங்கோ அமராவதி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்தில் முதுகெலும்பில் அடிபட்டு, பிறகு தேறவே இல்லை. 1943 மார்ச் 28-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தார். பூண்டி நிரம்பியதைப் பார்க்கவில்லை. ஜெயிலிலிருந்து தன் ஒரே மகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அப்பா அவர்.

நீ எடுத்தவுடன் எம்.எல்.ஏ. சீட்டு, எம்.பி. சீட்டு என்று யோசிக்காதே. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. வார்டு வேலை தெரிந்த வக்கீல்கள் இந்த ஊருக்கு வேண்டும். கோர்ட்டு வேலைக்கு மதுரைக் கிளை பக்கம்தானே, வசதிப்பட்டால் இங்கேயே வந்துவிடு. பழைய வீடுகளில் பங்காளிகள் ஒத்து வராமல், பூட்டிக் கிடந்து ஓடு சரிந்து, கடைசியில் தூணும் கதவும் தனித்தனியாக விலைக்குப் போகின்றன. சமாதானமாகப் பேசி முடித்துவைக்க ஒரு நல்ல வக்கீல் இருந்தால் பாதி வீடுகள் நிற்கும்.

இப்போது ஒரு வேலை தருகிறேன். நம் தெருக்கோடி ஊருணிக்கு வருகிற வரத்துக்கால் மேற்கே மண் தள்ளி மூடிக் கிடக்கிறது. போன மழையில் தண்ணீரெல்லாம் ரோட்டில் நின்றது, ஊருணியில் பாதிகூட ஏறவில்லை. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் மனு கொடுக்கப் போனோம். அங்கிருந்தவர் படத்தில் அப்படி ஒரு கால்வாயே இல்லை என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐயாவின் இரும்புப் பெட்டியில் பழைய புல வரைபட நகல் ஒன்று கிடைத்தது, கால்வாய் அதில் தெளிவாக இருக்கிறது. நகலை இதோடு வைத்திருக்கிறேன், ஓரம் கரையான் அரித்திருக்கிறது, பார்த்துப் பிரி. தகவல் உரிமைச் சட்டத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று நீயே வாசகம் எழுதி அனுப்பு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி என் பெயரில் போடுகிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் சேர்த்து எழுதி வை. என்ன பதில் வருகிறதோ அதிலிருந்து இரண்டாவது கேள்வியை நாம் இரண்டு பேரும் சேர்ந்து போடுவோம்.

ஆத்தா பேரனுக்குச் சீப்புச் சீடை சுட்டு வைத்திருக்கிறாள். கூரியரில் போட்டால் நொறுங்கும் என்கிறாள், நீ வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பச்சி