மைசீனாஸ் செனட்டர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் ரோமாபுரிக் கட்டுரையில், 'செனட்டர் மைசீனாஸ் காசு கொடுத்துக் கவிஞர்களை வாங்கி, அகஸ்டசுக்குத் துதி பாட வைத்தார்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டசுக்கு நெருங்கிய ஆலோசகராகவும் கவிஞர்களுக்குப் புரவலராகவும் இருந்த அவர், செனட்டர் அல்லர் என்பது உங்களுக்குத் தெரியாததா? செனட்டர்களுக்கு அடுத்த படியில் இருந்த 'குதிரைவீரர்' என்ற சமூக வகுப்பில் பிறந்து கடைசிவரை அதிலேயே இருந்தவர். கி.மு. 40-இல் அகஸ்டஸ் சார்பில், அவருடைய போட்டியாளர் ஆன்டனியோடு பிருண்டிசியம் துறைமுகத்தில் சமாதானம் பேசியவர்களில் ஒருவர். அகஸ்டஸ் ஊரில் இல்லாதபோது ரோமைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. இத்தனை செல்வாக்கு இருந்தும் செனட்டில் இடம் தேடாத மனிதருக்கு, இரண்டாயிரம் ஆண்டு கழித்து நீங்கள் இடம் கொடுத்திருக்கிறீர்கள். தாராள மனசுதான்!

சரி, அது போகட்டும். 'வாங்கி' என்று எழுதியதுதான் உறுத்துகிறது. அவர் ஆதரித்த கவிஞர் ஹோரஸ், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவரின் மகன். பிலிப்பி போரில், சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் பக்கம் நின்று தோற்றவர். எதிர்ப்பக்கம் இருந்தது பின்னாளைய அகஸ்டஸ். அப்பாவின் சொத்தை இழந்து, கருவூலத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். கவிஞர்கள் வர்ஜிலும் வாரியசும் சொன்னதால் அவரைச் சந்தித்த மைசீனாஸ், நாலு வார்த்தை பேசி அனுப்பிவிட்டு, ஒன்பதாம் மாதம்தான் திரும்பக் கூப்பிட்டார். சபைன் மலைப்பகுதியில் பண்ணை கிடைத்ததெல்லாம் அப்புறம். அந்த 'வாங்கப்பட்ட' ஆள் என்ன செய்தார்? ஐந்து நாளில் வருகிறேன் என்று கிராமத்துக்குப் போனவர் ஒரு மாதம் முழுக்க வரவில்லை. குளிர்காலத்துக்கும் வரமாட்டேன், கொடுத்ததையெல்லாம் கேட்டால் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று கவிதையிலேயே எழுதினார். தன் கடிதங்களை எழுதித்தர அகஸ்டஸ் அழைத்தபோதும் மறுத்தார். அந்தக் கவிஞர்கள் துதி பாடவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பாடினார்கள். ஆனால் மறுத்தவரை மைசீனாஸ் ஒதுக்கவில்லை. 'என்னை நினைப்பதுபோல் ஹோரசையும் நினைத்துக்கொள்ளுங்கள்' என்று சாகும்போது அகஸ்டசிடம் சொல்லிவிட்டுப் போனார். இருவரும் கி.மு. 8-இல் இறந்து, ரோமின் எஸ்குவிலைன் குன்றில் அருகருகே அடக்கமானார்கள்.

மறுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கவியரங்கத்துக்குப் பணம் தந்துவந்த ஒரு பெரிய மனிதர், தன் மணிவிழா மலருக்கு என்னிடம் வாழ்த்துப்பா கேட்டார். எனக்கு வராது என்றேன். அதற்குப் பிறகு கவியரங்க அழைப்பிதழில் என் பெயரே இல்லை. உங்கள் கட்டுரையாளர் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துவிட்டுத்தான் மைசீனாசை எழுதியிருக்கிறார் போலும்.

கவிஞர்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று உங்கள் இதழ் கணக்குப் பார்ப்பதும் வேடிக்கை. கவிதைக்குச் சன்மானம் நிறுத்தி எத்தனை காலமாயிற்று? ராசிபலனுக்கு நாலு பக்கம், வாசகர் கடிதத்துக்கு அரைப் பக்கம். ஜூலியஸ் சீசர் பேரரசராக முடிசூடினார் என்று முன்பு போட்டீர்கள். அதற்கு நான் எழுதிய நீண்ட மறுப்பில், 'கட்டுரையின் நடை அருமை' என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். மிக்க மகிழ்ச்சி.

இந்தக் கடிதத்தை வெளியிடக்கூட வேண்டாம். 'செனட்டர் அல்லர்' என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள், போதும். அப்புறம், பொங்கல் மலரில் என் கவிதை வந்ததாக நண்பர்கள் சொன்னார்கள். அதில் ஒரு பிரதி அனுப்ப முடியுமா? தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்