இழையோட்டுபவர்களுக்கு ஒரு மேசை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்ல பட்டுப்புடவை ஆணியில் மாட்டி விரலளவு கிழிந்தால், அதை இழையோட்டித் தருபவரைத் தேடிப் பிடிப்பது இன்று பெரும்பாடாகிவிட்டது. 'டார்னிங்' என்று பலகை மாட்டியிருந்த சிறு கடைகள் எங்கள் கடைவீதியிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. இது ஒட்டுப் போடும் வேலை அல்ல. அதே துணியின் ஓரத்திலிருந்து இழைகளை உருவி, பாவு நூலுக்கு மேலும் கீழுமாக ஊசியைச் செலுத்தி, அறுந்த இடத்தை மறுபடியும் நெய்கிறார்கள். ஊசி முனையில் நடக்கும் நெசவு அது! தறியில் உட்காருபவருக்கே உரிய மரியாதை கிடைக்காத நாட்டில், இவர்களை யாரும் கணக்கில்கூடச் சேர்ப்பதில்லை.

பிரான்சில் 2023 இறுதியிலிருந்து, துணி, காலணிகளைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களுக்கு 6 முதல் 25 யூரோ வரை கட்டணச் சலுகை கிடைக்கிறது. துணி விற்கும் நிறுவனங்கள் செலுத்தும் தொகையே அதற்கு ஆதாரம்.

நாம் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸின் பெரிய விற்பனை நிலையங்களில், காஞ்சிபுரம் பட்டும் சென்னிமலைப் போர்வையும் விற்கும் அதே கூரையின் கீழ், இழையோட்டுபவர் ஒருவருக்கு ஒரு மேசையும் நல்ல விளக்கும் தரலாம். கூலியை வாடிக்கையாளர்கள் மனமுவந்து கொடுப்பார்கள். தையல் பயிலும் பெண்களுக்கு அங்கேயே இதைக் கற்றுத்தரவும் முடியும். கைதேர்ந்த முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கண்பார்வை மங்குவதற்குள் கைத்தறித் துறை இதைத் தொடங்க வேண்டும்.

– வாசகர், ஈரோடு